ரொட்டி கலந்த பெல்லட்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதை எரிக்கவும் கூச்சமில்லை. மரத்தூளை எரித்தார்கள், சரி. பிளம் கொட்டையை எரித்தார்கள், அதுவும் போகட்டும். இப்போது ரொட்டியையும் எரிக்கிறார்கள். கேட்டால் பூமியைக் காப்பாற்றுகிறார்களாம்.

மொராவா ஆற்றங்கரையில் நெபோய்ஷா பெல்லட் ஆலை வைத்திருக்கிறான். மரத்தூளை அழுத்திச் செய்கிற, அடுப்பில் போடுகிற, விரல் தடிமன்கூட இல்லாத துண்டுகள். பேக்கரிகளில் மிஞ்சிய ரொட்டியை அரைத்து மரத்தூளோடு கலந்து இயந்திரத்தில் கொட்டுவது என் வேலை. ரொட்டியின் பசைதான் தூளைப் பிடித்து வைக்கும்.

பக்கத்தில் தனியாக இருக்கும் கிழவி ஸ்டாமெனா தினமும் வந்து ஒரு சாக்கு ரொட்டி அள்ளிப் போவாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பன்றி உண்டு. உறைபனி விழுந்ததும் அதை அறுப்பாள். அதற்குள் அது கொழுத்தால்தான் அவளுக்குக் குளிர்காலத்துச் சாப்பாடு.

அந்த வாரம் பெல்லட் கையிலேயே உதிர்ந்தது. தூளில் ஈரம் இருக்கிறது என்றேன். நெபோய்ஷா கேட்கவில்லை.

"அந்தக் கிழவி ரொட்டிய அள்ளிட்டுப் போறாளே, அதான் உதிருது, பெருசு. இன்னைக்கு வைத்தியம் பண்ணிட்டேன்."

ரொட்டிக் குவியல்மேல், ஈரம் பட்டால் கொதிக்கிற சுட்ட சுண்ணாம்பைப் பொடித்துத் தூவியிருந்தான். பார்க்க மாவு தூவியதுபோலவே இருந்தது.

"பன்னி தின்னா செத்துருமேப்பா."

"ஒரு வாய் வச்சதும் துப்பிரும். கிழவிய விட அதுக்குப் புத்தி ஜாஸ்தி."

லாரி ஓட்டுகிற ராய்க்கோ விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளை வாசலில் மறிக்கலாம் என்று இயந்திர மேடையிலிருந்து இறங்கினேன். அவளோ பின்பக்கமாக வந்து குவியலருகே நின்றிருந்தாள். ஒரு ரொட்டி சரிந்து அவள் காலடியில் விழுந்தது. கீழே விழுந்த ரொட்டியை எங்கள் ஆட்கள் முத்தமிடாமல் எடுக்க மாட்டார்கள். கத்தினேன். இயந்திர இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் குனிந்து எடுத்து உதட்டில் அழுத்தினாள். பிறகு நாக்கால் உதட்டை நக்கினாள்.

ரப்பர் குழாயை இழுத்துவந்து அவள் வாயில் தண்ணீர் அடித்தேன். அதற்குள் தோல் வெந்து உரிந்திருந்தது.

நெபோய்ஷா நிதானமாக வந்தான். "சுண்ணாம்பு போட்டிருக்குன்னு போர்டு வச்சிருக்கேனே, பாக்கலியா?"

போர்டு லாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

அப்புறம் மனம் இரங்கியவன்போல ஒரு மூட்டை பெல்லட்டை அவள் முன்னால் போட்டான். அவள் வீட்டில் இருப்பது விறகு அடுப்பு. இதைப் போட்டால் கம்பி இடுக்கு வழியாகக் கீழே சாம்பலில் கொட்டும். அவனுக்கும் அது தெரியும்.

வீங்கிய உதட்டோடு அவள் கேட்டாள், "பன்னிக்கு என்னய்யா போடுவேன்?"

"இதையே போடேன். உள்ள இருக்கறது ரொட்டிதான?"

ராய்க்கோ மறுபடி சிரித்தான். அவள் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூட்டை அங்கேயே கிடந்தது.

"மூஞ்சியத் தூக்காதீங்க பெருசு. இனிமே ஒண்ணும் உதிராது, பாருங்க," என்றான் நெபோய்ஷா.

இயந்திரத்திலிருந்து விழுந்த பெல்லட் ஒன்றை எடுத்து நசுக்கினேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஆறினா இறுகிடும்," என்றான்.

"இறுகாது," என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.