வாத்தியாரின் சின்னக் கார்

மேம்பாலத்து ஏற்றத்தில் கார் முனகாமல் ஏறியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பின்சீட்டில் அப்பா கனைத்தார். விற்பவர் முன்னால் பல்லைக் காட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாத்திரக்கடையிலேயே தலை நரைத்தவர் அவர். பிடித்த பொருளை முகம் சுளித்துக்கொண்டுதான் தொடுவார். என் கணவரை முதன்முதலாகப் பார்த்தபோதும், "உயரம் கொஞ்சம் கம்மிதான்" என்று அவர் காதுபடவே சொன்னவர்.

பக்கத்து சீட்டில் காரின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார், பரீட்சை எழுத வந்தவர்போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார். ஏசி போட்டு, மூன்று பேரைச் சுமந்து, நெரிசலில் ஊர்ந்தும் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது முன்னாலிருந்த சின்னத் திரை. அந்த எண்ணைப் பார்க்காததுபோல் பார்ப்பதற்குள் எனக்குக் கண் வலித்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் ஊரார் முதுகை நிமிர்த்துகிறேன். மெஷின் பையோடு இரண்டு பஸ் மாறி என் முதுகு வளைகிறது. போய்ச் சேரும்போது நோயாளி தூங்கியிருப்பார், அல்லது வேறு ஆளை வைத்திருப்பார்கள். அடுத்த மாதத்திலிருந்து வண்டி இல்லாதவர்களுக்கு வீட்டு விசிட் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இதற்கு முன் பார்த்த இரண்டு கார்களும் அப்பாவின் வாயால் போயின. ஒருவர் கேட்டைச் சாத்தினார், இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார். பேசாமல் இருங்கள் என்று காலையில் கெஞ்சியிருந்தேன். தலையாட்டினார். கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டியே பழகிய தலை, அதை நம்பியது என் தப்பு.

வாத்தியார் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அப்பா இறங்கி ஒரு சுற்று வந்தார். டயரை உதைத்தார். பிக்கப் இல்லை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, மைலேஜ் காட்டும் திரை பொய் சொல்கிறது என்று அடுக்கினார். கடைசியாக, பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்றார். எந்தச் சத்தமும் வரவில்லை. இந்த இடத்தில் விற்பவர் எகிற வேண்டும், அப்பா இறங்கி வர வேண்டும், பிறகு காபி வரும். அதுதான் முறை. வாத்தியாருக்கு முறை தெரியவில்லை. முகம் வெளுத்து, என் கையிலிருந்த சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க சார். பொண்ணு தனியா ஓட்டப்போற வண்டி. பிரேக்குல சந்தேகம்னு தெரிஞ்சும் குடுத்தா நான் மனுஷனா? பழைய இரும்புக்கே போட்டுடறேன்."

அப்பாவின் கண்ணில் மரியாதை மின்னியது. இப்படியொரு பேரத்தை அவர் பார்த்ததே இல்லை. கெட்டிக்காரன், விடாதே என்று எனக்கு ஜாடை காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரேக்கில் ஒன்றுமே இல்லை, அப்பா சும்மா சொன்னார் என்று வாத்தியாரிடம் போட்டு உடைத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "உனக்கு வண்டி மேல ஆசைம்மா. அதான் காது கேக்கல. உங்கப்பா அனுபவஸ்தர்."

அப்பாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப்போனேன்.

"நல்ல வண்டின்னு நீங்களே சொல்லுங்க."

"விக்கிறவர்கிட்டயா?"

"அவர்கிட்டதான்."

"எப்படிம்மா சொல்றது?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

திரும்பி வந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "வண்டி…" என்றார். டயரைப் பார்த்தபடி, "மோசமில்ல" என்றார். வாத்தியார் நம்பாமல் தலையசைத்தபடியே வீட்டுக்குள் போகக் கேட்டைத் தள்ளினார். நான் அப்பாவை முறைத்தேன்.

அப்பா கைக்குட்டையை எடுத்து பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். விரல் படாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு, கடையில் குடத்தைத் துடைப்பதுபோல. பிறகு விரலை மடக்கி, வாங்க வந்தவருக்குப் பாத்திரத்தின் தரத்தைக் காட்டுவதுபோல, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்த நாதத்தைக் கேளுங்க சார்."

கேட்டருகே நின்ற வாத்தியார் திரும்பி வந்தார். சாவியை இறுக்கிப் பிடித்தபடியே குனிந்து, பானெட்டில் காதை வைத்தார். அப்பா மறுபடி தட்டினார்.