பத்தாவது ஆள்

பழனியப்பன் மாமா காரவன் வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிய வண்டி. உள்ளே பாத்திரம் கழுவத் தொட்டி, பின்னால் திரை போட்ட படுக்கை. சினிமா நடிகைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. ரங்கூனில் எங்கள் பபேடான் தெருவில் அதை நிறுத்தத்தான் இடமில்லை. வாங்கித் தொலைத்தாயிற்று, எங்காவது போயாக வேண்டும். அதற்கு என் கல்யாணம் கிடைத்தது.

மாப்பிள்ளை ஏனாஞ்சாங்கில் இருந்தார். வடக்கே, பாலைவனம் மாதிரி காய்ந்த பூமியில், எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊர். பெயர் விநாயகமூர்த்தி, பம்பு மோட்டார் பழுது பார்க்கிறவர். பெண் பார்க்க அவர்கள் வருவதுதான் முறை. அவருடைய அம்மா படுத்த படுக்கை என்பதால் பெண்ணை ஏற்றிக்கொண்டு நாமே போய்விடுவோம் என்று மாமா முடிவு செய்தார். அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லா முடிவும் மாமாதான். எனக்கு முப்பத்து நாலு வயது. கியாக்டடாவில் ஒரு கப்பல் ஆபீஸில் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி துறைமுகத்தை விட்டு நகராது. வீட்டில் என் பெயர் பாப்பா.

உனக்கு இதில் இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கேட்டிருக்கலாம், வாய் வலித்துவிடாது. அங்கே போய்த் தட்டு மாற்றுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் வண்டியில் ஏறினேன்.

ஏறியபின் பார்த்தால் ஒன்பது பேர். பர்மாக்காரர்கள் ஒன்பது பேராகப் பயணம் போகமாட்டார்கள், ஆகாது. போயே தீர வேண்டுமென்றால் ஒரு கல்லை எடுத்துப் பத்தாவது ஆளாக வைத்துக்கொள்வார்கள். நாங்கள் இட்லி சாம்பாரைக் கைவிடாத குடும்பம். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் முழு பர்மாக்காரர்கள். சொர்ணம்மாள் அத்தை கோயில் வாசலிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து, கழுவி, திருநீறு பூசி, ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தாள். ஊ கியாக் என்று பெயரும் வைத்தாள். அதாவது திருவாளர் கல். ஜன்னலோரம் நான் கேட்டிருந்தேன்.

“கல்லு வெளிய பாத்து என்ன பண்ணப் போவுது அத்தை?”

“பெரியவரை அப்படிப் பேசாத பாப்பா. நீ பின்னால போய்ப் படு.”

நிறுத்துகிற இடத்திலெல்லாம் மாமா தலை எண்ணினார். “ஊ கியாக்கோட பத்து. எடுக்கலாம்,” என்று அவருக்கு அவரே உத்தரவு கொடுத்து அவரே ஓட்டினார்.

மக்வே தாண்டியதும் பச்சை நின்றுவிட்டது. கள்ளி, முள், பனை, மறுபடியும் கள்ளி. ஆறு என்று பலகை வைத்த இடத்தில் மணல் கிடந்தது. அதன்மேல் பெரிய பாலம் கட்டியிருந்தார்கள். அத்தை ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பனைவெல்லம் விற்கும் ஒரு குடிசைக்கடையில் நிறுத்தினோம். எல்லாரும் டீ குடித்தார்கள். நான் பின்பக்கம், ஓலை மறைப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது.

நடந்தது இதுதான், பிறகு தெரிந்துகொண்டேன். மாமா வழக்கம்போல் எண்ணினார். கல்லோடு ஒன்பது வந்தது. “நாம ஒன்பது பேருதானே, சரியா இருக்கு,” என்று வண்டியை எடுத்துவிட்டார். மற்ற ஏழு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

என் போன் பையோடு வண்டியில் போய்விட்டது. கடைக்காரம்மா தன் போனைக் கொடுத்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என் நம்பர். அடித்தேன். மாமா எடுத்தார். இரைச்சல்.

“மாமா! நான்...”

“யாரு, ஆபீஸா? பாப்பா திரைக்குப் பின்னால தூங்குது. கல்யாண காரியமாப் போறோம், நாளைக்குப் பேசுங்க.”

வைத்துவிட்டார். அதன்பின் சிக்னல் கிடைக்கவில்லை.

“எத்தனை பேர் வந்தீங்க?” என்று கடைக்காரம்மா பர்மியில் கேட்டாள். ஒன்பது என்றேன். கல் எடுத்துவந்தீர்களா என்றாள். எடுத்துவந்தோம் என்றேன். “அப்ப ஒண்ணும் ஆகாது,” என்று நிம்மதியாக வெல்லம் கிண்டப் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்து நாலு வருஷம் கூடவே இருந்திருக்கிறேன். ஒரு கல்லை எண்ணத் தெரிகிறது, என்னை எண்ணத் தெரியவில்லை. பாழாய்ப் போகிறவர்களா என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க ஒரு நாய் இருந்தது. அதுவும் எழுந்து போய்விட்டது.

வெயில் சாயும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நாற்பது வயதுக்காரர், கையெல்லாம் கிரீஸ். இன்னொரு ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்தார்.

“மா ரேவதிங்களா? நான் விநாயகமூர்த்தி.”

பர்மியில் பெண்களுக்குப் போடும் மரியாதை ‘மா’. அது கிடக்கட்டும், என் பெயரையே ரங்கூனிலிருந்து அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“எல்லாரும் வந்து உக்காந்து டீ குடிச்சாங்க. அம்மா படுக்கையிலருந்து, பொண்ணைக் கூப்பிடுங்கன்னாங்க. உங்க அத்தை போயித் திரையைத் தூக்கினா தலகாணிதான் இருக்கு. உங்க மாமா, எண்ணிக்கை சரியா இருந்துச்சேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு.”

“அவரு வரலையா?”

“எங்க தெருவுல அந்த வண்டியைத் திருப்ப முடியல.”

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்து முடித்தேன். பிறகு, “எந்தப் பக்கம் போவணும்?” என்றார்.

“என்ன?”

“எங்க வீடு வடக்க. ரங்கூன் பஸ்சுன்னா தெற்க, மக்வேயில ஏறணும். எங்க சொல்றீங்களோ அங்க விடுறேன். உங்களுக்கு இதுல இஷ்டமான்னு உங்க மாமாகிட்ட கேட்டேன். இஷ்டம்தான்னாரு. உங்களையே விட்டுட்டு வந்தவரு சொன்னா நான் எப்படி நம்புறது?”

அப்போதுதான் அழுகை வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் கேட்டுவிட்டார். அவர் எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“உங்க வீட்டுக்கே போவோம். கல்யாணத்துக்குச் சரின்னு இன்னும் சொல்லல. உங்ககிட்டப் பேசிப் பாத்துட்டு, நானே சொல்றேன்.”

“சரிங்க. ஏறுங்க.”

“இப்ப வேணாம்,” என்றேன். “கொஞ்ச நேரம் அவங்க என்னைத் தேடட்டும்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கடைக்காரம்மாவிடம் இரண்டு டீ சொன்னார்.