நுகத்தடிப் பார்

பழைய இரும்புக்காரர் தராசோடு உடற்பயிற்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றபோதுதான் அண்ணிக்கு விஷயமே தெரிந்தது.

"நுகத்தடியப் போட்டுடப் போறேன் அண்ணி. இடத்த அடைக்குது," என்றான் அந்தக் கூடத்தை நடத்தும் கொழுந்தன்.

நுகத்தடி என்பது, தோளில் எடை சுமக்கும் ஓர் இரும்புப் பாருக்குக் கூடத்தில் வைத்த கேலிப் பெயர். கழுத்துக்கு இருபுறமும் மெத்தை, முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு கைப்பிடி. அண்ணி பேருந்து ஓட்டுகிறவள். ஒரு விபத்துக்குப் பின் வலது தோளில் தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள். கை பின்னால் போகாது, நேர்ப் பாரைத் தோளில் பிடிக்க முடியாது. இது போனால், எடையோடு உட்கார்ந்து எழும் அவளுடைய ஸ்குவாட்டும் போச்சு.

"அப்ப நான் எதுல உக்காந்து எழுந்திரிக்கிறது?"

"அந்த இடத்துக்குப் புது மெஷின் வருதுல்ல, அதுல உக்காந்து எடையக் காலால தள்ளுங்க. இது ஏமாத்து வேலைன்னு பசங்க சிரிக்கிறாங்க."

"ஓகோ! மணிக்கட்டு வலிக்குதுன்னு நீ நெளிஞ்ச பார்ல கை மடக்கலாம். முதுகு பிடிச்சுக்குதுன்னு ஆறு மூலைப் பாருக்குள்ள நின்னு தூக்கலாம். நான் எடுத்தா ஏமாத்தா? வா. நேர்ப் பார்ல எடுக்குறத இதுல எடுத்துக் காட்டு."

"இதென்ன பெரிய மலையா?"

நேர்ப் பாரில் மாட்டும் எடைத் தட்டுகளையே இதிலும் மாட்டினான். அங்கேதான் தப்புக் கணக்கு. இந்தப் பார் ஆளை முன்னால் தள்ளும். அதே எடை இதில் எழும்பாது. இறங்கியவன் அப்படியே குப்புறச் சாய்ந்தான். பக்கத்துத் தடுப்புக் கம்பிகள் பாரைத் தாங்கின. மானத்தைத் தாங்கத்தான் ஒன்றுமில்லை.

"கால் வழுக்கிடுச்சு," என்று எழுந்தான். "அண்ணே, நீங்க எடை போடுங்க."

இரும்புக்காரர் தராசைப் பிரிப்பதற்குள் அண்ணி தன் தட்டுகளை மாட்டி உள்ளே புகுந்துவிட்டாள். இறங்கினாள், எழுந்தாள். பிறகு கைப்பிடிகளையும் விட்டுவிட்டு, பார் தோளில் உட்கார்ந்திருக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவர அனுப்பு. அதுவரைக்கும் இது இறங்காது."

"விளையாடாதீங்க அண்ணி! அண்ணன் என்னைக் கொன்னுடுவான். தோள் என்னாகிறது?"

"என் தோள், நான் பாத்துக்கறேன்."

இரும்புக்காரர் தராசை மடித்தார். "தம்பி, பார் மட்டும்னுதானே சொன்னீங்க? ஆளோட சேத்து நிறுக்க எங்கிட்ட தராசு இல்ல." படியிறங்கிப் போய்விட்டார்.

"போயிட்டார். இறக்குங்க அண்ணி."

"போன எடு. அந்த மெஷின்காரனுக்கும் வேணாம்னு சொல்லு," என்றவள் இன்னொரு முறை இறங்கினாள்.