இறக்கிக் கட்டிய சுருதி

எங்கள் ரொக் இசைக்குழுவின் பெயர் உப்புக்காற்று. திருகோணமலையின் கல்யாண மண்டபங்களிலும் உப்புவெளி ஹோட்டல்களிலும் முப்பத்தைந்து வருடமாக அடுத்தவன் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறோம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அடுத்தவன் சமைத்ததை அவனைவிட ருசியாகப் பரிமாறுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தப் பாட்டுகளில் திறமானவற்றை ஒரு இசை அல்பமாகப் பதிவு செய்வோம் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அகீலின் வலைக் கடை இருக்கிறது. அதன் மேல்மாடிதான் எங்கள் ஸ்டூடியோ. சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்தோம். அகீல் கிட்டார் வாசிப்பான், கம்ப்யூட்டரையும் அவனே பார்ப்பான். ட்ரம்ஸ் ஸெய்னுதீன், கிண்ணியாக்காரன், என் வயதுக்காரன், வாயைத் திறந்தால் என்னோடு சண்டைதான். கீபோர்ட் வாசித்தவன் கனடாவுக்குப் போய்விட்டதால் கிளிவெட்டியிலிருந்து சிவாஜினியைப் புதிதாகக் கூப்பிட்டிருந்தோம். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற வேலை எங்களுக்குச் சரிவராது. எல்லாரும் ஒன்றாக நின்று வாசிப்போம், பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து.

முதலில் எடுத்தது, கூட்டத்தை எழுப்புவதற்கென்று நான் எப்போதும் கடைசிக்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பாட்டு. நடுவில் தொண்டை கிழிகிற மாதிரி ஒரு உச்சி வரும். ஸெய்னுதீன் குச்சிகளைத் தட்டி எண்ணினான், எல்லாரும் தொடங்கினோம். அப்பப்பா, கீபோர்ட் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், காது கூசியது.

"பிள்ள, என்ன வாசிக்கிறீங்கள்?" என்று கத்தினேன்.

சிவாஜினி பயந்துபோனாள். "நான் ஒரிஜினல் சுருதியிலதான் வாசிக்கிறன், அண்ணன். கிட்டார்தான் இறங்கி நிக்குது."

"அகீல், சுருதியப் பார்."

அவன் பார்க்கவில்லை. ஸெய்னுதீன் பளபளத்துக்கொண்டிருந்த சிம்பல் தட்டை மறுபடியும் துடைக்கத் தொடங்கினான். எனக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு காலமா இறக்கி வாசிக்கிறீங்கள்?"

"உங்கட தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு, அண்ணன்" என்றான் அகீல். "சுருதியில ஒரு கட்டைதான் இறக்கினனாங்கள்."

கனடாவுக்குப் போன கீபோர்ட்காரனும் இதில் கூட்டு. கிட்டார்த் தந்திகளை இறக்கிக் கட்டினால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், கீபோர்ட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பக்கத்தில் நின்று பாடுகிற மடையனுக்கு ஒன்றும் தெரியாது. சிவாஜினிக்கு ஸெய்னுதீன் சொல்லியிருப்பான் என்று அகீலும், அகீல் சொல்லியிருப்பான் என்று ஸெய்னுதீனும் இருந்துவிட்டார்கள்.

போன மாதம்கூட உப்புவெளியில் வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். "இந்த வயசிலயும் அந்த உச்சி எனக்கு எட்டுது, பாத்தீரோ" என்று பாலையூற்று வீட்டுக்கு வந்து மனைவி கமலேஸ்வரியிடம் பீற்றினேன். அதை நினைக்க அவமானத்தில் உடம்பே கூசியது. இத்தனை காலமும் இவர்கள் என்னைத் தோளில் தூக்கிவைத்திருக்க, நான் உயரம் என்று ஆடியிருக்கிறேன்.

"ஏத்து பழைய சுருதிக்கு" என்றேன். "அதில பாடுவன். ஏலாட்டி என்ர குரல் இந்த அல்பத்தில வேண்டாம்."

அகீல் தந்திகளை ஏற்றினான். பாடினேன். உச்சி வந்த இடத்தில் குரல் ஏறவில்லை, பிளந்து வெறும் காற்றாக வந்தது. வீம்புக்குக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தேன்.

"எப்பிடி?"

"நல்லா வந்திருக்கு, அண்ணன்" என்றான் அகீல். சிவாஜினியும் அவசரமாகத் தலையாட்டினாள்.

குரல் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு உண்மை சொல்ல இந்த அறையில் ஒருவரும் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

"நீ சொல்லு, மச்சான்" என்று ஸெய்னுதீனிடம் திரும்பினேன்.

அவன் குச்சிகளை மடியில் வைத்தான். "கேக்க ஏலாது, துரை. நாய் ஊளையிட்ட மாதிரிக் கிடக்கு." அவன் கண் கலங்கியிருந்தது. "சொன்னா நீ பாட்ட விட்டுருவாய். நீ விட்டா நாங்க ஆருக்கு வாசிக்கிற?"

அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"சரி, அகீல். ஒரு கட்டை இறக்கு."

அகீல் அசையவில்லை. ஸெய்னுதீன்தான் வாயைத் திறந்தான்.

"ஒண்டு காணாது, துரை. போன வருசத்திலயிருந்து ரெண்டு கட்டை இறக்கித்தான் வாசிக்கிறம்."

மைக்கை வாய்க்கு நேரே சரிசெய்தேன்.

"ரெண்டு இறக்கு" என்றேன். "மூண்டாவது கட்டைய என்னட்டச் சொல்லிப்போட்டு இறக்குங்கோ."