ரோஷக்காரக் கிருமி

யாராவது திட்டினால்தான் அந்தக் கிருமி மருந்து சுரந்தது. மற்ற நேரங்களில் கண்ணாடித் தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். ஒரு பூந்தொட்டி மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்த ஆய்வாளர், பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டாள். இதமான சூடு, சர்க்கரை, மாவுச்சத்து, ஆள் இல்லாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சல்கூட. வருடக்கணக்கில் தின்று கொழுத்ததே தவிர, அது ஒரு சொட்டு கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய நாத்தனாரின் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து, எந்த மருந்துக்கும் மசியாமல் உட்கார்ந்துகொண்டது. விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். புண்ணிலிருக்கும் கிருமியையாவது சோதித்துப் பார்க்கலாம் என்று அண்ணி அவளை ஆய்வகத்துக்கு வரச்சொன்னாள். நொண்டிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறிவந்த கடுப்பில் நாத்தனார் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“கண்ணாடி வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, உடம்பு வளைஞ்சு ஒரு வேலை கிடையாது. அப்படியே எங்க அண்ணன்!”

வெள்ளைப் பரப்பில் குப்பென்று நீலம் ஏறியது. முத்து முத்தாக நீலத் துளிகள் வியர்த்தன. மழை விழுந்த மண்ணின் வாசனை நடைவழியெல்லாம் பரவ, பக்கத்து அறைக்காரர்கள் குடையைத் தேடினார்கள். புண்ணிலிருந்து எடுத்த கிருமிகள், அந்தத் துளி பட்ட இடத்தில் பூண்டோடு அழிந்தன.

அதன்பின் நாத்தனார் தினமும் வந்து திட்டினாள். சுரந்ததைச் சுத்திகரித்து, சோதித்து, மருத்துவர் சம்மதத்தோடு புண்ணில் தடவினார்கள். பாதி ஆறியது. அங்கேதான் வந்தது வினை. வலி குறையக் குறைய அவளுக்குக் கிருமிமேல் பாசம் வந்துவிட்டது. “நல்லா இருப்பா ராசா” என்றாள். ராசா வெளுத்துக் காய்ந்தது. பேருக்குத் திட்டிப் பார்த்தாள், அது ஏமாறவில்லை. புண் மறுபடி வாய் திறந்தது. விரலை எடுக்க நாள் குறித்தார்கள்.

அண்ணி தன் நாத்தனாரை நன்றாக அறிந்தவள். மறுநாள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “மருந்துக்கு என் பேரையே வச்சிடலாம்னு இருக்கேன்.”

“எது? தொண்டை கிழியத் திட்டினது நானு, பேரு உங்களுக்கா? வெக்கமா இல்ல அண்ணி?” நாத்தனார் தட்டின் பக்கம் திரும்பினாள். “நீயும் இவங்க கட்சிதானே? நன்றிகெட்ட ஜென்மம்!”

தட்டு நிரம்பி மேசையெல்லாம் நீலமாக வழிந்தது. விரல் தப்பியது.

இப்போது அந்த மருந்து எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதற்கு வைத்திருப்பது நாத்தனாரின் பெயர்தான். அது தெரிந்தால் அவள் மனம் குளிர்ந்துவிடும் என்பதால் அவளிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அவள் மருந்துக்கடைப் பக்கம் போகாதபடி, தலைவலி மாத்திரையைக்கூட அவள் அண்ணனே வாங்கிக் கொடுத்துவிடுகிறான்; அவன் உடம்பு வளைந்து செய்யும் ஒரே வேலை அது. காலையில் அவள் இரண்டு காலாலும் திடுதிடுவென்று படியேறி வரும் சத்தம் கேட்டதும், நடைவழிக்காரர்கள் குடையைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள்.