தெற்குச் சுவர்

"சிவப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துடுடா அகரா," என்றான் கலைவாணன்.

படத்தில் சிவப்பு என்பது கமலாம்பாள் கட்டியிருந்த புடவை. அதை எடுத்தால் மிஞ்சுவது ஒரு வரப்பும் சேறு பூசிய இரண்டு பாதங்களும்தான்.

கலைவாணன் என்னோடு பள்ளியில் படித்தவன். காரைக்காலில் புதுவீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துகொடுக்கிறான். முதலில் தரை, பிறகு கூரை, அப்புறம் சோபா, திரைச்சீலை, விளக்கு. எல்லாம் முடிந்து சுவரில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் எனக்கு ஃபோன் வரும். சோபாவின் நீளத்தைச் சொல்வான், திரைச்சீலையில் ஒரு துண்டைக் கொடுப்பான். அந்த நிறத்தில் வாழையிலையோ தாமரையோ கண்மூடிய புத்தரோ வரைந்து தருவேன். சென்னையில் இரவு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவனுக்கு அதுதான் சோறு போட்டது. அதில் வெட்கம் இல்லை, பெருமையும் இல்லை.

பக்கத்து ஊரான நெரவியில் ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டார்கள். வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் அரசு அலுவலகத்தில் இருப்பவர். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டியிருந்தார். "ஹாலுக்கு நம்ம ஊர் வயக்காடு மாதிரி ஏதாவது வேணும். கடையில விக்கிறது வேணாம்," என்றார்.

வயலைப் பார்க்கப் போனேன். அவருடைய அம்மா கமலாம்பாள் வரப்பில் நின்று அறுவடை இயந்திரக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கை, வாய் முழுசாகத் திறந்திருந்தது. வயல் கண்ணில் படவே இல்லை. அவரைத்தான் வரைந்தேன், ஆளுயரத்துக்கு.

நான் புதுவீட்டில் வைத்து வரைந்துகொண்டிருந்தபோது, பாதி வேலையில் கமலாம்பாள் வந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, வாய மூடுன மாதிரி வரைய மாட்டியா?"

"நீங்க மூடுனா வரையறேன்மா."

"அப்ப வேணாம். இருக்குறபடியே இருக்கட்டும்," என்று சிரித்தார்.

போகும்போது புதுவீட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்து, "எங் கட்டிலு எங்க போடுறதுன்னு உன் சிநேகிதனை ஒரு வார்த்தை கேளு," என்றார்.

நைலான் நாடா பின்னிய கட்டில் அது. பழைய வீட்டில் ஹாலின் நடுவே கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார், ஆட்களுக்கு வேலை சொல்வார், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு வம்பு பேசுவார். கலைவாணன் போட்ட வரைபடத்தில் அது இல்லை. அவனிடம் கேட்டேன்.

"பின்ரூம்ல போட்டாச்சுடா. வாஷிங் மெஷின் பக்கத்துல. ஹாலுக்கு செட் ஆவாது."

"அவங்களும் அங்கதானா?"

"நல்ல ஃபேன் போட்டுக் குடுத்திருக்கேன்," என்றான். நிஜமாகவே அதை அக்கறை என்று நினைத்தான்.

இப்போது சிவப்பு.

"சோபா ஆலிவ் பச்சைடா. செவுரு இளஞ்சாம்பல். நடுவுல இதைத் தூக்கி மாட்டுனா ரூம் முழுக்க இதுதான் தெரியும்."

"தெரியட்டும்."

"அப்ப சோபா?"

"சோபா உக்காரத்தானே?"

"டேய், படம்னா ரூமுக்குள்ள அடங்கணும்டா."

"இவங்க எதுக்குள்ளயும் அடங்க மாட்டாங்க. நீயே பார்த்திருக்கே. வேணும்னா உனக்கு வாழையிலை வரைஞ்சு தரேன், இதை நான் தூக்கிட்டுப் போறேன். இதுல ஒரு பொட்டு மாத்த மாட்டேன்."

அவன் ஜெயபிரகாஷைக் கூட்டிவந்தான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மா இப்படித்தான் கத்தும்," என்றார். சிவப்பு தப்பித்தது.

எங்கே மாட்டுவது என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டையே வரவில்லை. தெற்குச் சுவர். எதிரே வடக்கு ஜன்னல், வெளிச்சம் சீராக விழும். கலைவாணன் மேலே தனியாக ஒரு சின்ன விளக்கும் வைத்தான். கமலாம்பாள்தான் மறுத்தார்.

"அங்க வேணாம்ப்பா. அது இவங்க அப்பா இருந்த செவுரு."

பழைய வீட்டில் அவர் கணவரின் படம் மாலையோடு அந்தப் பக்கம்தான் தொங்கியது. இறந்தவர் படத்தை எங்கள் பக்கத்தில் தெற்குச் சுவரில்தான் மாட்டுவார்கள். ஹாலின் அழகு கெடும் என்று கலைவாணன் அதைப் பூஜையறைக்கு மாற்றியிருந்தான்.

"அதெல்லாம் போட்டோவுக்குத்தாம்மா. இது பெயிண்டிங்," என்றான் கலைவாணன்.

"பாக்குறவனுக்கு அது தெரியுமா?"

"இந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம் பாக்குறாங்க," என்றார் ஜெயபிரகாஷ்.

மாட்டிவிட்டோம்.

கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் பொங்கியது, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போனார்கள். கமலாம்பாள் கொல்லையில் சமையல்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டில் இல்லாத ஹாலில் அவருக்கு வேலை இல்லை. சோபாவில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மதியத்துக்குச் சற்று முன் ஜெயபிரகாஷின் அலுவலகத்தார் வந்தார்கள். அவர் அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது. யாருக்கும் வீட்டாரைத் தெரியாது. அவர் வாசலில் நின்று ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டிருந்தார். முதலில் உள்ளே வந்தவர் அவருடைய மேலதிகாரி உமாமகேஸ்வரி. வாசலில் கிண்ணத்திலிருந்து எடுத்த சந்தனம் அவர் விரலில் ஈரமாக இருந்தது.

நான் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன். அவர் படத்தின் முன் நின்று கண்களை மூடியிருந்தார். பார்த்தவுடன் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவர் விரலை நீட்டி, படத்தின் நெற்றியில் சந்தனத்தை வைத்துவிட்டார். பின்னால் வந்தவர் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைச் சட்டத்தின் மேல் தொங்கவிட்டார். மற்றவர்கள் வரிசையாகக் கும்பிட்டார்கள்.

உமாமகேஸ்வரி, ஜெயபிரகாஷின் மனைவி தாமரைச்செல்வியிடம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார்.

"மாமியாரா? முகம் அப்படியே சாருக்கு. எப்ப தவறுனாங்க?"

தாமரைச்செல்வி கொல்லைக் கதவைப் பார்த்தார்.

"யாரு தவறுனது?"

கொல்லைக் கதவில் கமலாம்பாள் நின்றார். கையில் சாம்பார்க் கரண்டி. உடுத்தியிருந்ததும் அதே சிவப்புப் புடவை.

அவர் படத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கும்பிட்ட கைகளைப் பார்த்தார். ஜெயபிரகாஷ் வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"அம்மா, நீ உள்ள போ. நான் சொல்லிக்கிறேன்."

"உள்ளதானடா இருந்தேன்," என்றார். "அதான் செத்துட்டேன்."

உமாமகேஸ்வரி முகம் கறுத்து, "அய்யோ அம்மா, மன்னிச்சிருங்க, நான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஏன் மன்னிப்பு கேக்குறீங்க? வந்த எடத்துல இருந்ததைப் பாத்து கும்புட்டீங்க. ஒரு நிமிசம் நில்லுங்க."

கரண்டியை ஆலிவ் பச்சைச் சோபாவின் மேல் வைத்துவிட்டுப் பின்ரூமுக்குப் போனார். கொஞ்சநேரத்தில் கட்டில் கால் புதுத் தரையில் கிறீச்சிட்டது. தனியாக இழுத்துக்கொண்டு வந்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"டேய், டைல்ஸுடா! தூக்குடா!" என்று கத்தினான் கலைவாணன்.

தூக்கவில்லை. அவர் இழுத்தார், நான் தள்ளினேன். கதவிலிருந்து ஹாலின் குறுக்கே ஒரு நீளக் கோடு விழுந்தது. கண்ணாடி டீப்பாயை அவர் காலாலேயே ஓரம் தள்ளினார். தெற்குச் சுவரின் கீழே, படத்துக்கு நேராகக் கட்டிலைப் போட்டார். மல்லிகைச் சரத்தைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப உக்காருங்க," என்று உமாமகேஸ்வரிக்கு நாடாவைத் தட்டிக்காட்டினார். "நீங்க எந்த ஊரு?"

"திருநள்ளாறு..." என்றபடி அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அங்க எந்தத் தெரு? எனக்கு அங்க ஆளு உண்டு."

பேச்சு அப்படியே ஓடியது. மற்றவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். அவ்வளவு பெரிய சோபாவில் அன்று உட்கார்ந்திருந்தது சாம்பார்க் கரண்டி மட்டும்தான்.

எல்லோரும் போன பிறகு ஜெயபிரகாஷ் ஏணியைக் கொண்டுவந்தார்.

"அந்தப் படத்தைக் கழட்டுங்க தம்பி. முதல் நாளே இப்படி ஆயிடுச்சு."

நான் அசையவில்லை. "அம்மாவைக் கேளுங்க சார்," என்றேன்.

"கெழக்குச் செவுத்துக்கு மாத்திடலாம் சார்," என்றான் கலைவாணன். "கட்டிலையும் பழையபடி உள்ள போட்டுட்டா..."

"படம் எங்க வேணாலும் போவட்டும். கட்டில் போவாது," என்றார் கமலாம்பாள். கொஞ்சம் யோசித்தார். "படமும் இங்கயே கெடக்கட்டும். அடியில நான் உக்காந்திருக்கையில எவன் பூ போடுறான்னு பாக்குறேன்."

"அம்மா, வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"கெழவி உசுரோட இருக்கான்னு நினைப்பாங்க. வேற என்ன வேணும் உனக்கு?"

ஜெயபிரகாஷ் ஏணியை மடக்கி எடுத்துப் போனார்.

நான் ஈரத்துணியோடு படத்தருகே போனேன். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. அந்தப் படத்தில் நான் வைக்காத நிறம் அது ஒன்றுதான். துடைத்தால் அடியிலுள்ள வண்ணமும் வரலாம், வராமலும் போகலாம். துணியை மடித்து வைத்துவிட்டேன்.

கலைவாணன் மூலையில் குந்தி, தரையில் விழுந்த கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அது போகிற கோடு இல்லை.

"முடிச்ச வீட்டைப் போட்டோ எடுத்து நெட்டுல என் பேஜ்ல போடணும்டா," என்றான். "இதை எப்படிடா எடுக்குறது?"

"அவங்களைக் கேளு."

கமலாம்பாள் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் பூ இன்னும் இருந்தது.

"எடு," என்றார். "ஆனா வாய மூட மாட்டேன்."