கண்ணாடிப் பெட்டியும் எட்டு மணி நாடகமும்

வசந்தனுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கைப்பேசியில் செருகினால் அதன் பேச்சு வீட்டிலுள்ள மூன்று ரேடியோக்களிலும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்குக் கடிதம், நாளிதழ், கடிகாரம் எல்லாமே கைப்பேசி வாசித்துக்காட்டும் குரல்தான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சமைக்க முடியாது. கடுகு எப்போது வெடிக்கிறது, பால் எப்போது பொங்குகிறது என்று காதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜொகூர் பாருவில் கடை வைத்திருந்த சர்புதீன் பாய் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒன்று சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. ஏற ஒரு பொத்தான், இறங்க ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு 'பீப்', எல்லையில் முட்டினால் இரண்டு. கரண்ட் போய் வந்தாலும் வைத்த அலைவரிசையை மறக்காதாம். மற்றது முழுக்கக் கண்ணாடி. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு, ஒரே மௌனம்.

"இதுல நீல லைட்டு எரியும் தம்பி, பாக்கவே ரொம்ப அழகு," என்றார் பாய், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக நின்றவனிடம்.

எதை வாங்க வேண்டும் என்று ஐந்தே விநாடியில் வசந்தனுக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவது விநாடியில் பக்கத்தில் நின்ற லோஷினி, "ஐயோ, கண்ணாடி செம அழகு லா," என்றாள்.

வசந்தன் கண்ணாடியை வாங்கினான். அவள் முன்னால் பொத்தான் வைத்ததாகப் பார்த்துக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

லோஷினி உலு திராமில் அவனுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். காதலுக்கு வயது இரண்டு, சாட்சி யாருமில்லை. கைப்பேசி பெயர்களைச் சத்தமாக வாசித்துத் தொலைக்கும் என்பதால் அவளை 'கிளினிக்' என்று பதிந்து வைத்திருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை யோங் பெங்கிலிருந்து அவன் அத்தை லோஷினியைப் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு.

"செட் பண்ணியாச்சு. இனிமே நீ தொடவே வேணாம்," என்று அவள் கண்ணாடியைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை இடி இடித்தது. கரண்ட் போய் வந்ததும் கண்ணாடிப் பெட்டி லோஷினி வைத்த அலைவரிசையை மறந்து பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டது. மூன்று ரேடியோக்களிலும் வெறும் உஸ். வசந்தன் பத்து நிமிடம் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்தான், துடைத்த மாதிரிதான் ஆனது. பிறகு ஒரு யோசனை. பெட்டி ரேடியோவிடம் வராவிட்டால் என்ன? மூன்று ரேடியோக்களின் திருகையும் திருப்பி அவற்றைப் பெட்டி இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். அன்றைக்கு முழுக்க அவனுக்குத் தன் மூளைமேல் பெரிய மரியாதை. அந்த இடத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பை கொட்டப் போனபோது, லோஷினியின் அப்பா ஐயாசாமி வாசல் கேட்டருகே நின்றிருந்தார். ரெங்கம் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, எட்டு மணி நாடகம் கேக்கறியா?"

"என்ன நாடகம் அங்கிள்?"

"சிங்கப்பூர் ரேடியோலதான். திங்கக்கெழமையிலேருந்து வருது. பாட்டு நடுவுல திடீர்னு பூந்துடும். ஆளுங்களுக்குக் கூலி குடுக்க மனசில்லாம எல்லா வேஷத்துக்கும் ஒரே மெஷினப் பேச விட்டிருக்கான். ஆனா கதை நல்லாருக்கு. பொண்ணு பேரு கிளினிக்."

குப்பைப் பை வசந்தனின் கையைவிட்டு நழுவியது.

"கிளினிக்கா?"

"இப்ப அங்க இப்படித்தான் பேரு வைக்கறாங்க போல. அவளுக்கு ஒரு அப்பன். மீசைக்கு மை பூசுவானாம். வேர்த்தா கன்னத்துல வழியுமாம். கறுப்புக் கண்ணீராம்! சிரிச்சு சிரிச்சு எனக்குப் பொறையேறிடுச்சு. எங்க ஆலையிலயும் இந்த மாதிரி ரெண்டு பேரு இருந்தானுங்க."

அந்த நிமிடம் ஐயாசாமியின் கன்னம் என்ன நிறத்தில் இருந்தது என்று வசந்தனால் பார்க்க முடியவில்லை. மையின் வாசனை மட்டும் வந்தது.

வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டான். தினமும் எட்டு மணிக்கு அவள் அனுப்பியதெல்லாம், இவன் சொல்லி எழுதவைத்ததெல்லாம், கைப்பேசி வாசிக்க வாசிக்கச் சுவர் தாண்டிப் போயிருக்கிறது. நான்கு நாள். சிங்கப்பூரில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த லோஷினியைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தான்.

"அலமாக்! மீசையுமா?"

"முதல்ல மீசைதான்."

"கறுப்புக் கண்ணீர்னு எழுதினது நீ."

"வழியுதுன்னு சொன்னது யாரு?"

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவள் பேச்சை மாற்றினாள். "நாடகத்த நிறுத்திட்டாலும் அப்பா விடமாட்டாரு, வசந்த். வேணும்னா பாரு."

அன்று எட்டு மணிக்கு நாடகம் வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் திருகை முன்னும் பின்னும் திருப்புகிற சத்தம் கேட்டது. எட்டே காலுக்கு ஐயாசாமி கேட்டருகே வந்து நின்றார். "நல்ல கட்டத்துல நிறுத்திட்டான். நாளைக்கும் வரலன்னா ஸ்டேஷனுக்கே போன் போட்டுக் கேக்கப் போறேன்."

வசந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்படி ஒரு நாடகமே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். பழத்தோடு மண்ணையும் கல்லையும் ஏற்றி வந்த லாரிகளை முப்பது வருஷம் பிடித்த மனிதர், அதற்குமேல் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அத்தை தாம்பூலத் தட்டோடு வந்து இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

மறுநாள் காலையிலேயே பாய் கடையில் நின்றான்.

"ஏன் தம்பி, நீல லைட்டு எரியலையா?"

"எரிஞ்சிருக்கும் பாய். நான் கவனிக்கல. அந்த சோப்புப் பெட்டியக் குடுங்க."

வீட்டுக்கு வந்து எல்லைவரை இறங்கினான், இரண்டு பீப். அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினான். சிங்கப்பூர், பாத்தாம், ஜொகூர் என்று எல்லா நாட்டு நிலையங்களும் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்ப் பாலத்து வண்டிகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நாற்பத்து மூன்றாவது அழுத்தலில் ஒரு காலியிடம். படுக்கையறை ரேடியோவையும் குளியலறை ரேடியோவையும் அங்கே குடிவைத்தான். சமையலறை ரேடியோவைப் பழைய இடத்திலேயே விட்டான். கடைசிப் பாகம் ஒன்று பாக்கி இருந்தது.

கதையில் அப்பனைச் சம்மதிக்க வைத்துவிட்டால் நாடகமும் முடியும், ஐயாசாமியும் போனை எடுக்கமாட்டார், நாளைக்கு அவர் மனமும் அந்த வழியில் இளகியிருக்கும். சொல்லி எழுதவைத்தான். கைப்பேசி திருப்பி வாசித்தது: 'அப்பா சம்மதித்தார். மீசை துடித்தது.'

கேட்கும்போதே அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதரின் சம்மதத்தை அவருக்கே தெரியாமல் அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி. அழித்தான். வேறு எழுதவைத்தான்.

எட்டு மணிக்கு, சமையலறை ரேடியோவில் கேட்கும்வரை பொத்தானை அழுத்திப் பழைய இடத்துக்குப் போனான். ரயில் வருகையை அறிவிக்கிற அதே உணர்ச்சியோடு கைப்பேசி வாசித்தது: 'ஐயாசாமி அங்கிள், இது நாடகம் இல்லை. பக்கத்து வீட்டு வசந்தன். கிளினிக் என்பது லோஷினி. நாளைக்கு என் அத்தை பெண் கேட்டு வருகிறார். பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.'

சுவருக்கு அந்தப்பக்கம் ரேடியோ நின்றது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு செருப்புச் சத்தம், கேட் திறக்கிற சத்தம். வசந்தன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, நாடகம் வந்துச்சு," என்றார் வாசலில் ஐயாசாமி. "என்னமோ என் பேரு மாதிரி கேட்டுச்சு. அதுக்குள்ள சிங்கப்பூர்க்காரன் பாட்ட ஏத்திட்டான். நீ கேட்டியா? என்ன சொன்னான்?"

மெஷின் செய்து முடித்ததாக அவன் நினைத்த வேலை அப்படியே அவன் வாய்க்குத் திரும்பி வந்தது. வசந்தன் சொன்னான். ஒரு வரியையும் விடவில்லை.

முடித்ததும் ஐயாசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூச்சு பக்கத்தில் கேட்டது. அது எந்த வகை மூச்சு என்று வசந்தனுக்குப் பிடிபடவில்லை.

"மீசையப் பத்திச் சொன்னது யாரு? நீயா, அவளா?"

"ரெண்டு பேரும், அங்கிள்."

நாற்காலி ஒன்று இழுபட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க கதையில அந்த அப்பன் கடைசியா என்ன சொல்றான்?"

"அது இன்னும் எழுதல."

"எழுதாத. நாளைக்கு உங்க அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்." கைக்குட்டையால் எதையோ துடைத்துக்கொள்கிற சத்தம். "ராகு காலம் நாலரைக்கு. அதுக்கு முன்னாடி வந்து சேரச் சொல்லு. இப்ப டீ போடு. திங்கக்கெழமைக்கு முந்தின மொதல் பாகம் நான் கேக்கல, சொல்லு."